நெவில் பிறந்த கரை

ஹெட்லி கிரைஸுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் திருநாள். கிறிஸ்துமஸுக்கு வான்கோழியைத் தின்றுவிட்டுக் குறட்டை விடுவான். ஈஸ்டருக்குக் கோயில் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டான். தவக்காலம் பிறப்பதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை வந்துவிட்டாலோ, கசாப்புக்கடையை இழுத்து மூடிவிட்டுப் பந்துக்குக் கிளம்பிவிடுவான்.

இங்கிலாந்தில் எங்கள் டார்பிஷயர் ஊரில் நடப்பதைப் பந்தாட்டம் என்று சொன்னவன் வாயில் மண்ணைத்தான் போடவேண்டும். ஊரே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும். ஆற்றின் எந்தக் கரையில் பிறந்தாயோ அந்தக் கரைக்காரன் நீ. அப்பன் யார் என்பதெல்லாம் செல்லாது. பந்தைத் தன் கரையிலுள்ள மாவு ஆலையின் தண்ணீர்ச் சக்கரத்தில் மோதினால் ஜெயம். மோதியவன் பெயரை எழுதிப் பந்தை அவனுக்கே கொடுத்துவிடுவார்கள். கொலை கூடாது. அடிபட்டவன் எதிராளியின் கையில் இரண்டு தட்டுத் தட்டினால், போதும் என்று அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும். மற்றபடி எல்லாம் ஆகும்.

ஹெட்லியின் அப்பன் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் அப்படியொரு பந்து தொங்கியது. இவன் வீட்டில் ஆணி மட்டும்தான்.

போதாக்குறைக்கு, வடகரைக்காரனான அவனுக்குத் தென்கரைக்காரனாக ஒரு மகன். மனைவி டோரீன் மாசமாக இருந்தபோது தென்கரையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். பந்தன்றைக்கு வலி எடுத்து ஆள் அனுப்பினாள். "பந்து எங்க பக்கம் வந்திருக்குய்யா, இப்பப் போயி எப்படி வர்றது?" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான் பாவி. கூட்டம் பாலத்தை அடைத்துக்கொண்டதில், அவளை இக்கரைக்குக் கூட்டிவர வழியில்லாமல் நெவில் தென்கரையிலேயே பிறந்தான்.

"எதிரிக்கு ஆள் பெத்துக் குடுத்த மகராசன் வந்துட்டான்டோய்!" என்று மதுக்கடை ஆர்ச்சி இருபது வருஷம் குத்திக்காட்டினான்.

நெவிலுக்கு இருபது வயதான வருஷம், பந்துச் செவ்வாய்க் காலையில் டோரீன் பான்கேக் சுட்டுப் போட்டாள். "ரெண்டு பேரும் முழுசா வீடு வந்து சேருங்க. எனக்கு அது போதும்."

"உன் மகன் என் வழியில வராம இருந்தாச் சரி," என்றான் ஹெட்லி.

நெவில் தன் பான்கேக்கில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே சிரித்தான். "உன் வழியில எதுக்குப்பா வரணும்? உன் மேல ஏறியே போறேன்."

ஹெட்லியும் சிரித்தான்.

பொழுது சாயும்போது கூட்டம் ஆற்றுக்குள் இருந்தது. இடுப்பளவு தண்ணீர், எலும்பைக் கடிக்கும் குளிர். ஹெட்லியின் மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. ஒருவன் காதைக் கடித்தான். அவன் பல்லை இவன் பெயர்த்தான். வடகரை ஆலை கைக்கெட்டும் தூரம்தான். குறுக்கே, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான் நெவில்.

ஹெட்லி முழங்கையை வீசினான். மகனின் தாடையில் படக்கென்று ஒரு சத்தம். தினம் எலும்பு உடைக்கிற கைக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும் அவன் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

"விடுடா! விட்றா பந்த!"

அடியிலிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைத் தட்டியது. ஒன்று. இரண்டு. ஹெட்லிக்கு அது நன்றாகவே தெரிந்தது. இப்போது விட்டால் பக்கத்தில் நிற்பவன் பந்தை அள்ளிக்கொண்டு போய்விடுவான். விடவில்லை. இன்னும் அழுத்தினான். பந்து தானாக மேலே மிதந்து வந்த பிறகுதான் கையை எடுத்தான். அதை அள்ளிக்கொண்டு போய் ஆலைச் சக்கரத்தில் மோதினான்.

வடகரைக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நெவிலைத் தென்கரைக்காரர்கள் இழுத்துப்போட்டு, வயிற்றை அமுக்கித் தண்ணீரைக் கக்கவைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் டோரீன் கேட்டது ஒன்றைத்தான். "போதும்னு அவன் தட்டலியா?"

"தண்ணிக்குள்ள என்னத்தத் தெரியுது," என்றான்.

மறுநாள் சாம்பல் புதன். அன்றைக்குப் பகை தீர்த்துக் கைகுலுக்குவது வழக்கம். மறுத்தவனை ஊர் மதிக்காது. கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு நெவில் மதுக்கடைக்கு வந்தான். எல்லாரோடும் கைகுலுக்கினான். கடைசியில் அப்பனிடம் வந்து கையை நீட்டினான். ஹெட்லி ஆசையோடு இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான்.

"வீட்டுக்கு வாடா தம்பி. அந்தப் பந்தை நீயே வச்சுக்கோ."

வாய் திறக்க முடியாத நெவில், இன்னொரு கையால் அப்பனின் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினான்.

இந்த முறை ஹெட்லி விட்டுவிட்டான். வாசலில் டோரீன் பெட்டியோடு நின்றிருந்தாள். தாயும் மகனும் பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போனார்கள்.