பாண் இல்லாத நாள்

கலிஸ்ரா இத்தாலிக்கு வெளிக்கிட்டது ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. விடியமுன்னரே மழை பிடித்துவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் படலையடியில் வந்து நிற்க, முன்வீட்டு விமலேஸ்வரி குடையையும் விரிக்காமல் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"செவ்வாயிலை ஆரும் பயணம் வெளிக்கிடுவினமே? விசர் வேலை பாக்கிறாய்."

"எங்களுக்குச் செவ்வாய் அந்தோனியாற்ரை நாளடி. துலைஞ்ச சாமானையே தேடித் தாறவர், என்னைத் துலைய விடுவாரே?"

"அப்ப உன்ரை தம்பியையும் ஒருக்காத் தேடித் தரச் சொல்லு" என்றாள் விமலேஸ்வரி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கலிஸ்ரா பையைத் தூக்கி வானுக்குள் வைத்தாள். அவள் போவதே அதற்குத்தான்.

தம்பி ஸ்ரனிஸ்லஸ் பலெர்மோவுக்குப் போய்ப் பதின்மூன்று வருடங்கள். ஒருதரமும் திரும்பி வரவில்லை. முன்பு விசாப் பத்திரம் இல்லை, வரமுடியாது என்றான். பிறகு பத்திரம் கிடைத்தது. லீவு இல்லை என்றான். இப்போது கலிஸ்ராவின் ஒரே மகள் டக்சாயினிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். பெண்ணைக் கையில் பிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிப்போக வேண்டிய தகப்பன் மரியநேசன், ஆறு வருடத்துக்கு முன்னர் நெஞ்சுவலி என்று படுத்தவர், எழும்பவில்லை. அவருக்கு அடுத்த உரிமை தாய்மாமனுக்கு. போனில் கேட்டால் "பாப்பம் அக்கா" என்பான். போனில் "பாப்பம்" சொல்வது சுகம். முகத்துக்கு நேரே சொல்லட்டும் பார்ப்போம் என்றுதான், "மூண்டு மாசம் வந்து நிண்டிட்டுப் போங்கோ" என்று அவன் டிக்கெட் அனுப்பியவுடனே கலிஸ்ரா ஓம் என்றாள்.

வீட்டின் பின்பக்கத்துப் போறணையை மழைபடாமல் தகரத்தால் மூடிவிட்டு வந்திருந்தாள். செங்கல்லால் கட்டி விறகு எரிக்கிற அந்தச் சின்னப் போறணையில் அவள் அச்சுப்பாணும் பணிசும் போடுவாள். ஆரும் கேட்டால் பிறந்தநாள் கேக்கும் அடிப்பாள். முல்லைத்தீவுக் கரையில் பாதி வீடுகளுக்குக் காலைச் சாப்பாடு அவளுடைய பாண்தான். மூன்று மாதம் அந்தச் சனம் என்ன செய்யும் என்ற கவலை வவுனியா தாண்டும்வரை இருந்தது. அதற்குப் பிறகு நித்திரையாகிவிட்டாள்.

பலெர்மோ அவளுக்கு முதல்நாளே பிடித்துப்போனது. மீன் சந்தைதான் முதற் காரணம். வாளைப்போல நீண்ட மூக்குள்ள மீனின் தலையை வெட்டி, மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்திவைத்திருந்தார்கள். கலிஸ்ரா செவுளைத் திறந்து பூவைப் பார்த்தாள்; மணந்து பார்த்தாள்; "முந்தநாள் பிடிச்சது" என்று தமிழிலேயே வியாபாரியிடம் சொன்னாள். அவன் தன் பாசையில் சத்தம் வைத்தான். அவளும் வைத்தாள். கடைசியில் அவன் கீழே குனிந்து ஐஸுக்குள்ளிருந்து வேறொரு மீனை எடுத்தான்.

"என்ன மச்சாள், அவன்ரை பாசை விளங்கினதோ?" என்று தம்பி மனைவி பிரஷாந்தினி கேட்டாள்.

"மீன் விக்கிறவன் பொய் சொல்லுறதுக்குப் பாசை ஏன்?"

பாண் இரண்டாவது காரணம். அங்கே பாணுக்கு ரவையை மாவாய் அரைத்துப் போடுவார்கள். மேலே எள்ளு ஒட்டியிருக்கும். உள்ளே மஞ்சள், வெளியே மொறுமொறுப்பு. இருபது வருடமாக மற்றவர்களுக்குப் பாண் போட்டவள், இன்னொருவர் போட்ட பாணைச் சுடச்சுட வாங்கித் தெருவில் நின்றே பிய்த்துத் தின்றாள். வீடு வந்து சேரும்போது கையில் பை மட்டும்தான் இருந்தது.

"அக்கா, றோட்டிலை நிண்டு தின்னுறீங்கள்!" ஸ்ரனிஸ்லஸ் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கும்போது அவன் பழைய தம்பிதான். ஞாயிறுகளில் எல்லாரையும் மலைமேல் இருக்கும் புனித றொசாலியா கோயிலுக்குக் கூட்டிப்போவான். வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் அந்த ஊர்த் தமிழ்ச்சனம் முழுக்க அங்கே ஏறும். அவனுடைய ஒன்பது வயது மகளுக்கும் அந்தப் பெயர்தான். றொசாலியா தன் மாமி கலிஸ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள், இத்தாலிப் பாசையும் தமிழும் கலந்து ஓயாமல் கதைத்துக்கொண்டு. கலிஸ்ராவுக்குப் பாதி விளங்காது. ஆனாலும் ஓம் போடுவாள்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவன் எழும்பிப் போய்விடுவான். எங்கேயும் அல்ல, குசினிக்குத்தான். ஏதாவது ஒரு சாப்பாட்டோடு திரும்பி வருவான். முதல்முறை கேட்டபோது கடலைமாவில் பொரித்த வடை மாதிரி ஒன்று வந்தது. இரண்டாம்முறை, தயிர்க்கட்டி போன்ற ஏதோ அடைத்த இனிப்புக் குழல். மூன்றாம்முறை கத்தரிக்காயைப் புளியும் சீனியும் போட்டுப் பிரட்டியிருந்தான். எல்லாம் நல்ல ருசி. "டக்சாயினின்ரை கலியாணத்தைக் கேட்டுக் கேட்டே நான் மொத்திச்சுப் போனன்" என்று கலிஸ்ரா பிரஷாந்தினியிடம் சொன்னாள்.

பிரஷாந்தினி சிரித்துவிட்டு, "நானும் கேட்டுப் பாத்தனான் மச்சாள். ஊர்க்கதை எடுத்தால் அண்டு முழுக்க அந்தாள் வாய் திறக்காது. பிள்ளைக்கு அப்பம்மா எப்பிடிச் செத்தவா எண்டும் தெரியாது" என்றாள்.

மார்கழி பதின்மூன்றாம் திகதி காலை கலிஸ்ரா வழமைபோலப் பாண் வாங்கப் போனாள். கடை திறந்திருந்தது, பாண் இல்லை. தட்டுகளில் தேங்காயளவு சோற்றுருண்டைகள்தான் பொரித்து அடுக்கிக் கிடந்தன. அடுத்த தெருக் கடைக்குப் போனாள். அங்கேயும் உருண்டை. மூன்றாவது கடைக்காரன் கையை விரித்துக் காட்டிச் சிரித்தான். அதற்குப் பிறகு அவளுடைய கால்கள் தானாகவே வேகம் பிடித்தன. என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க அவள் நிற்கவில்லை. எதிரே கண்ட கடைக்குள் புகுந்து அரிசி, மா, சீனி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி என்று இரண்டு கையும் நிறையத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் முதல்நாள் பாணில் கால்வாசி மிஞ்சியிருந்தது. அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள், உடுப்புகளுக்குக் கீழே ஒளித்தாள். சாமான்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"என்ன மச்சாள் இது?" பிரஷாந்தினி வாசலில் நின்றாள்.

"ஊர் முழுக்கப் பாண் இல்லை. ஹர்த்தாலோ, மாக்கப்பல் வரேல்லையோ தெரியாது. பாணைப் பிள்ளைக்கு வைச்சிருக்கிறன். நாங்கள் சமாளிக்கலாம்."

பிரஷாந்தினி நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஐயோ மச்சாள், இண்டைக்குப் புனித லூசியாவின்ரை திருநாள்! இண்டைக்கு இஞ்சை ஒருத்தரும் பாண் தின்னமாட்டினம்."

றொசாலியாவும் வந்து கட்டிலுக்குக் கீழே எட்டிப்பார்த்துக் கைதட்டினாள். "மாமி மெழுகுதிரியும் வாங்கினவா!"

ஸ்ரனிஸ்லஸ் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் அன்று ஏதோ திருத்த வேலை. அதனால் அவனும் வீட்டில் நின்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

மத்தியானம் மேல்வீட்டுக்காரி ஒரு கோப்பை அனுப்பியிருந்தாள். முழுக் கோதுமையை அவித்து, பால்கட்டியும் சீனியும் கலந்தது. கலிஸ்ரா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். பொங்கல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒவ்வொரு மணியும் பல்லில் நின்று வெடித்தது.

"ஏன் இதை மட்டும் தின்னுறது?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை றொசாலியா எழும்பி நின்று ஒப்புவித்தாள். "முந்தி ஒருக்கா இஞ்சை சாப்பாடே இல்லையாம் மாமி. சனம் எல்லாம் பசியாம். எல்லாரும் லூசியாவிட்டைக் கேட்டினமாம். அப்ப ஒரு கப்பல் வந்ததாம், கோதுமையோடை. சனத்துக்குச் சரியான பசி, அரைச்சு மாவாக்கக்கூட நிக்கேல்லையாம். அப்பிடியே அவிச்சுத் திண்டினமாம். அதை மறக்கக்கூடாதெண்டு இண்டைக்குப் பாண் இல்லை."

ஸ்ரனிஸ்லஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எங்கடை கப்பலிலை மா வந்தது" என்றான்.

"எந்தக் கப்பல் அப்பா?"

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள், பிறகு மாமியைப் பார்த்தாள். கலிஸ்ராவால் சொல்லியிருக்க முடியும். சண்டையின் கடைசி மாதங்களில் மாத்தளன் கரையில் அகப்பட்டிருந்த நாள்கள். நிவாரணக் கப்பல் வந்தால் கடற்கரைப் பொடியள் வள்ளத்தில் போய் மூட்டை இறக்குவார்கள். கஞ்சிக்கு வரிசையில் நிற்பது அந்த வீட்டில் ஸ்ரனிஸ்லஸின் வேலை. அன்றைக்குக் கப்பல் வந்ததால் அவன் கடலுக்குப் போனான். அவனுக்குப் பதிலாகத் தாய் றோசம்மா வரிசையில் போய் நின்றா. மத்தியானம் அவன் தலையிலும் தோளிலும் மா அப்பிக்கிடக்கச் சிரித்துக்கொண்டு வந்தான். அதற்குள் வரிசையில் செல் குண்டு விழுந்து, எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் கஞ்சி குடித்ததை ஆரும் காணவில்லை.

அவன் சொல்லவேண்டியதைத் தான் எடுத்துச் சொல்லக்கூடாது என்று கலிஸ்ராவுக்குப் பட்டது. "சாப்பிடு பிள்ளை, ஆறப்போகுது" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் கல்யாணக் கதையை எடுக்கவில்லை. அவனும் குசினிக்குப் போகவில்லை.

அடுத்தநாள் காலை அவள் எழும்பி வர, அலுமாரிப் பாணை எடுத்து வைத்துக்கொண்டு தம்பி மேசையில் இருந்தான். கல்லாய்ப் போயிருந்தது. தேத்தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, ஒரு துணிக்கை விடாமல் தின்று முடித்தான். தையில் விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்து, "பாப்பம் அக்கா" என்றான்.

வீடு வந்த கிழமையே கலிஸ்ரா போறணையைப் பற்றவைத்தாள். ரவையை மில்லில் கொடுத்து இன்னும் நைசாக அரைப்பித்தாள். முதல் இரண்டுதரம் பாண் எழும்பவேயில்லை, கோழிகளுக்குப் போட்டாள். மூன்றாம்தரம் எழும்பியது. எள்ளுத் தூவியிருந்ததைக் கண்டு விமலேஸ்வரி இடுப்பில் கைவைத்தாள்.

"என்னடி, உன்ரை பாணுக்குச் சனி தோசமோ? எள்ளெல்லாம் எரிச்சிருக்கிறாய்."

"திண்டிட்டுக் கதை."

தின்றாள். "சனியன் நல்லாத்தான் இருக்கு" என்று இன்னொரு துண்டு கேட்டாள். பங்குனி முடிவதற்குள் டியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி எள்ளுப்பாண் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் வந்திருந்து, கோயிலில் பெண்ணை ஆர் கூட்டிவருவது என்று கேட்டார்கள். கலிஸ்ரா வாயெடுக்கமுன் டக்சாயினி சொன்னாள்: "அம்மா கூட்டிக்கொண்டு வருவா."

அவர்கள் போன பிறகு, "மாமாவுக்கு இன்னும் நேரம் கிடக்கு பிள்ளை" என்றாள் கலிஸ்ரா.

"வந்தால் வரட்டும். நீங்கள் அவரைக் கரைச்சல் படுத்தாதேங்கோ."

"நான் முன்னுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு நடந்தால், கேக்கை ஆர் பாக்கிறது?"

"கேக் ஓடாது அம்மா."

கரைச்சல் படுத்தாதேங்கோ என்று மகள் சொன்னது கலிஸ்ராவுக்குள் கிடந்து உழன்றது. தான் தம்பியைக் கல்யாணத்துக்குத்தான் கூப்பிட்டதாக அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அவனுடைய காதில் அது கல்யாணமாய் விழுந்திருக்காது. அந்த மாத்தளன் கரைக்கு வா என்றுதான் விழுந்திருக்கும். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சனிக்கிழமைகளில் போறணையிலிருந்து எடுத்த பாணைப் படம் பிடித்து அனுப்புவாள், அவ்வளவுதான். அவன் பெருவிரலைக் காட்டும் படமொன்று அனுப்புவான்.

சண்டையில் செத்தவர்களை நினைக்கிற வைகாசி பதினெட்டு வந்தது. வருடாவருடம்போல அன்றும் சந்தியில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி, போற வாற எல்லாருக்கும் சிரட்டையில் ஊற்றிக்கொடுத்தார்கள். கலிஸ்ரா அன்று போறணை மூட்டவில்லை. தாய்க்கென்று நின்று குடித்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். பின்னேரம்போல் போன் மணி அடித்தது. முதலில் ஒரு படம்: பலெர்மோ வீட்டு மேசையில் மூன்று கோப்பைகள். பிறகு அவனுடைய செய்தி.

"அக்கா, கஞ்சி காச்சினன். அரிசியும் தண்ணியும் உப்பும்தான். பிள்ளை சீனி கேட்டாள், குடுக்கேல்லை. ஏனெண்டு கேட்டாள். கப்பல் வந்த கதையைச் சொன்னன். அம்மாவைப் பற்றியும் சொன்னன், முழுக்க இல்லை. மிச்சத்தை அங்கை வந்து இடத்தைக் காட்டிச் சொல்லுறன் எண்டனான். ஆவணி முதலாந் திகதிக்கு மூண்டு டிக்கெட் போட்டாச்சு. டக்சாயினியிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ, எனக்குக் கோட் என்ன நிறமாம்?"