நூத்தி இருபது வரைக்கும்

யுத்தம் முடிஞ்ச வருஷம் அது. செஞ்சியில திண்டிவனம் ரோட்டோரமா ஒரு வெள்ளைக்கார மேட்ரன் நடத்தின சின்ன ஆஸ்பத்திரியில நான் நர்ஸா இருந்தேன். கான்வென்ட்ல படிச்சதால இங்கிலீஷ் வரும், வாயும் கொஞ்சம் நீளம். அதனால டாக்டரம்மா பக்கத்துல நின்னு, அவங்க இங்கிலீஷ்ல பேசறதை நோயாளிங்களுக்குத் தமிழ்ல சொல்ற வேலையும் என் தலையிலதான் விழுந்தது.

டாக்டரம்மா போலந்துக்காரங்க. யூதப் பொம்பளை. ஜெர்மன்காரன் அடிச்சு விரட்டினதுல உயிர் தப்பி எங்க ஊருக்கு வந்து சேர்ந்தவங்க. அவங்க யூதர்னு தெரிஞ்ச அன்னிக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாங்க வேதக்காரங்க. இயேசுவைச் சிலுவையில அறையச் சொன்னாங்கன்னு பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல கேள்விப்பட்ட யூதரைத் தவிர வேற யூதரை நான் எங்க கண்டேன்? நைனாகிட்ட சொன்னதுக்கு, "பாத்து நடந்துக்கோ"ன்னார். எங்க புத்தியைச் சொல்லிக்க வெக்கமாத்தான் இருக்கு!

அவங்க வீட்டுப் பாஷை இட்டிஷ். நடுநடுவுல எபிரேயமும் வரும். கேக்கறதுக்கு ஜெர்மன் மாதிரியே இருக்கும். யுத்த நேரத்துல இதைக் கேட்டு எவனாவது போலீஸ்ல சொல்லிடுவான்னு மேட்ரனுக்கு பயம். வார்டுல எது பேசினாலும் இங்கிலீஷ்லதான் பேசணும்னு கட்டளை போட்டுட்டாங்க. பாவம், டாக்டரம்மாவுக்கு வைத்தியம் மட்டும்தான் இங்கிலீஷ்ல வரும். கோவம், கொஞ்சல், பரிதாபம் எல்லாம் இட்டிஷ்லதான் வரும். வாய் தவறி ஒண்ணைச் சொல்லிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, இதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு கேப்பாங்க. நான் திருதிருன்னு முழிப்பேன்.

"நெபெஹ்"னு ஒண்ணு சொல்வாங்க. அர்த்தம் கேட்டா எனக்கு "ஐயோ பாவம்"னு உடனே வந்துடும். அதையே இங்கிலீஷ்ல "பூர் திங்"னு சொன்னா, அதுல அந்த ஐயோவையே காணோம். நல்ல ஆளைப் பார்த்தா "மென்ஷ்"ம்பாங்க. "அவன் மனுஷன்யா!"ன்னு நாம சொல்றோமே, அதேதான். இங்கிலீஷ்ல "மேன்"னு சொன்னா மீசை வச்ச எவனோ ஒருத்தன், அவ்வளவுதான். சின்னப் பையனை "டாடெலெ"ன்னு கொஞ்சுவாங்க. அப்படின்னா குட்டி அப்பா. எங்க ஊர்லயும் அப்பாவைக் கூப்பிடற மாதிரியே பையனையும் "வா நைனா"ன்னுதானே கூப்பிடறோம்! மேட்ரன்கிட்ட விளக்கினா, புள்ளைய எதுக்கு அப்பான்னு கூப்பிடணும்னு நெத்தியைச் சுருக்கினாங்க.

தொண்டூர்ல இருந்து ஒருத்தி வருவா. பொறந்ததெல்லாம் தங்காம போயி, கடைசியில டாக்டரம்மா கையால பொழைச்ச ஆம்பளைப் புள்ள அவளுக்கு. கொழுகொழுன்னு இருப்பான். ஒருநாள் டாக்டரம்மா அவனைத் தூக்கிப் பார்த்துச் சிரிச்சாங்க. சிரிச்சவங்க சட்டுனு "த்தூ, த்தூ, த்தூ"ன்னாங்க பாருங்க, எனக்கு மூச்சே நின்னுபோச்சு. மேட்ரன் மூஞ்சி ரத்தமா செவந்துடுச்சு. தொண்டூர்க்காரிக்கு மட்டும் வாயெல்லாம் பல்லு.

"எங்கூட்லயும் இப்படித்தான் கண்ணு கழிப்போம். இந்தம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"ன்னா.

இங்கிலீஷ்ல "டச் வுட்"னு சொல்வீங்களே, அதுமாதிரிதான் இதுவும்னு சொல்லி மேட்ரனை ஒருவழியா சமாதானம் பண்ணேன். கட்டையைத் தொட்டா கண்ணு போயிடுமான்னு டாக்டரம்மா என் காதுல கிசுகிசுத்தாங்க. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

இன்னொரு பழக்கமும் அவங்களுக்கு உண்டு. அம்மாவைப் பத்திப் பேச்செடுத்தா, பின்னாலயே "பிஸ் ஹுண்டர்ட் ட்ஸ்வான்ஸிக்"னு சேர்த்துடுவாங்க. நூத்தி இருபது வரைக்கும் இருக்கணும்னு அர்த்தம். உயிரோட இருக்கறவங்களுக்கு மட்டும்தான் அதைச் சொல்வாங்க. செத்துப்போன அப்பாவைச் சொன்னா எபிரேயத்துல "ஒலெவ் ஹஷோலெம்"னு வரும். அவருக்குச் சமாதானம்னு அர்த்தம்; பொம்பளைன்னா "ஒலெஹா"ன்னு மாறும். "நாங்க நூறோட நிறுத்திக்குவோம், உங்களுக்கு ரொம்பத்தான் பேராசை டாக்டரம்மா"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அந்த அம்மாவைப் போலந்துலயே விட்டுட்டு வந்திருந்தாங்க. யுத்தம் நின்னதும் கூட்டிட்டு வந்துடணும்னு, தன் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூமை வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு, கொசுவலை கட்டி வச்சிருந்தாங்க. தொண்டூர்க்காரி வர்றப்பல்லாம், "உங்கம்மா எப்போ வருவாங்க? எம்புள்ளைய அவங்க மடியில போடணும்"னு கேப்பா. சீக்கிரம், சீக்கிரம்னு டாக்டரம்மாவும் சொல்வாங்க.

போலந்துச் சேதி தெரிஞ்ச ஒருத்தர் மெட்ராஸ் வந்திருக்கார்னு கேள்விப்பட்டு அவரைப் பார்க்கப் போனாங்க. திரும்பி வந்தது, பெட்ரோல் கிடைக்காம கரிப்புகையில ஓடின பஸ்ல. மூஞ்செல்லாம் புகை. நேரா வார்டுக்கு வந்து கையைக் கழுவிட்டு வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. எங்களுக்குக் கேக்க பயம். தொண்டூர்க்காரிக்கு என்ன பயம்?

"இன்னாம்மா, அம்மா சேதி கெடைச்சுதா?"ன்னா.

நான் அதை இங்கிலீஷ்ல கேட்டேன். டாக்டரம்மா குழந்தை மாருல குழாயை வச்சபடியே, "என் அம்மா, ஒலெஹா ஹஷோலெம், இவனைப் பார்த்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க"ன்னாங்க. குரல்கூட மாறல.

எனக்குத் தலையில இடி விழுந்துச்சு. ஐயோ ஆண்டவரே! அப்பாவுக்குச் சொல்ற வார்த்தை அம்மாவுக்கு வந்துடுச்சே! அந்த வார்டுல அதுக்கு அர்த்தம் தெரிஞ்ச ஒரே ஆள் நான். மேட்ரன் என்னமோ நல்ல சேதின்னு நினைச்சு சிரிச்சுட்டு நிக்கறாங்க. தொண்டூர்க்காரி என் வாயையே பார்க்கறா. கடைசியில "தவறிட்டாங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

விஷயம் புரிஞ்சதும் மேட்ரன் பக்கத்துல வந்து "ஐ ஆம் ஸோ ஸாரி"ன்னாங்க. டாக்டரம்மா "தேங்க் யூ"ன்னாங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சாயங்காலம் என்கிட்ட மட்டும் பேசினாங்க. அவங்க முறைப்படி ஏழு நாள் தரையில உட்காரணுமாம். ஊர் சனம் வந்து கூட உட்காருமாம். "வர்றதுக்கு ஊர்ல ஒருத்தரும் இல்ல. எல்லாரையும் கொன்னுட்டாங்க"ன்னாங்க. நாங்க காலரா பார்த்திருக்கோம், பஞ்சம் பார்த்திருக்கோம். புள்ளகுட்டி, கிழம்கட்டைன்னு ஒண்ணு விடாம ஒரு ஊரையே மனுஷனே கொன்னான்னா எப்படி நம்பறது? செஞ்சியில நாம அத்தனை பேரும் ஒரே நாள்ல இல்லாம போறதை நெனைச்சுப் பார்த்தேன்.

மறுநாள் காலையில ரோட்டுல பெரிய சத்தம். எட்டிப் பார்த்தா, தொண்டூர்ப் பொம்பளைங்க கூட்டமா தலையை விரிச்சுப் போட்டு, மாரடிச்சுக்கிட்டு, ஒப்பாரி வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள வர்றாங்க. முன்னால அந்தப் புள்ளைக்காரி. ஆஸ்பத்திரியில யாரோ செத்துட்டதா நினைச்சுச் சண்டைக்கு வர்றாங்கன்னு மேட்ரன் வெலவெலத்துப் போயிட்டாங்க. நான் ஓடிப்போய் கேட்டை மறிச்சேன். "இன்னா இது? ஆஸ்பத்திரிக்குள்ள அழலாமா? போங்க வெளிய!"

"நீ தள்ளு. பெத்தவ பூட்டா. கூட அழ நாலு சனம் வேணாமா அதுக்கு?"ன்னு என்னை ஒரே தள்ளா தள்ளிட்டு உள்ள போயிட்டா.

டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்தாங்க. திட்டப் போறாங்கன்னுதான் நினைச்சேன். அவங்க பூட்ஸைக் கழட்டி ஓரமா வச்சாங்க. சட்டைக் காலரை ரெண்டு கையாலயும் பிடிச்சு டர்ர்னு கிழிச்சாங்க. அது அவங்க துக்க முறைன்னு அப்ப எனக்குத் தெரியாது. அப்படியே தரையில உட்கார்ந்தாங்க. தொண்டூர்க்காரி அவங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு "என்னப் பெத்த தாயே"ன்னு ஆரம்பிச்சா. டாக்டரம்மா ஓன்னு கத்தின கத்தல் இருக்கே, இன்னிக்கும் என் காதுல கேக்குது. நானும் போய் உட்கார்ந்து அழுதேன்.

வெயில் ஏறினப்புறம் பொம்பளைங்க எழுந்து, முந்தானையை உதறிட்டு, பேசாம கிளம்பிட்டாங்க. சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்ற வழக்கம் நமக்கு ஏது?

"ஒரு குட்பைகூட சொல்லாம போறாங்களே?"ன்னு மேட்ரன் திகைச்சுப்போய் கேட்டாங்க.

"எங்கள்லயும் சொல்லமாட்டோம்"னு டாக்டரம்மா தரையில இருந்தபடியே சொன்னாங்க. இதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு என்னைக் கேக்கவே இல்ல.

கொஞ்ச வருஷத்துல அவங்க கப்பல் ஏறிப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு தகவலும் இல்ல. எனக்கே எண்பது தாண்டிடுச்சு, அவங்க என்னைவிட மூத்தவங்க. ஜெபத்துல அவங்க பேரைச் சொல்றப்ப, பின்னால எந்த வார்த்தையைச் சேர்க்கறதுன்னு இப்பவும் நாக்கு ஒரு நொடி தடுமாறும். அவங்க இல்லைன்னு என் காதுல இன்னும் யாரும் வந்து சொல்லலையே, அதனால நூத்தி இருபது வரைக்கும்னுதான் சொல்லி முடிக்கறேன்.