எண்ணெய் சொட்டிய காதல் பாட்டு

விமானப் படையில் என்ஜின் மெக்கானிக்காக இருந்த அவனை எல்லோரும் ‘மெட்டு’ என்றே கூப்பிட்டார்கள். பழைய பாட்டு எதுவானாலும் மெட்டைத் தொடமாட்டான். வார்த்தைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவான். அவன் கையில் தாலாட்டு, மெஸ்ஸில் ஊற்றும் தண்ணி சூப்பைப் பற்றியதாகிவிடும். சோகப் பாட்டு, தவளை மாதிரிக் குதித்துக் குதித்துத் தரையிறங்கும் பைலட்டைப் பற்றியதாகிவிடும். அந்த பைலட்டே வந்து, “டேய், என் பாட்டைப் பாடுடா” என்று கேட்பார். அவன் பாட்டில் பெயர் அடிபடாதவனுக்கு அந்தத் தளத்தில் மரியாதையே கிடையாது.

அதே தளத்தில் வேலை பார்த்த ரேடியோக்காரனின் தங்கையைப் பார்த்த நாளிலிருந்து மெட்டுக்கு வேலை ஓடவில்லை. அவளுக்கும் சம்மதம்தான். ஒப்புக்கொள்ள வேண்டியவர் அவளுடைய அப்பா, பாட்டு வாத்தியார். “நல்லாப் பாடுவான்ப்பா” என்று ரேடியோக்காரன் அவரிடம் சொல்லித் தொலைத்தான். வாத்தியார் மெட்டை வீட்டுக்கு வரச்சொல்லி, ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பழைய பாட்டு ஒண்ணு பாடுங்க தம்பி. காதல் பாட்டா இருந்தாலும் பரவாயில்ல.”

“ஜன்னலோரம் காத்திருந்தேன், சாய்ந்துபோச்சு பொழுது...”

முதல் அடி தேனாய் வந்தது. அடுத்ததுதான் வினை. விமானக் கொட்டகையில் பாடிப் பாடிப் பழகிய வாயாயிற்றே!

“என்ஜினுக்குக் கீழே நின்றேன், எண்ணெய் கொட்டுது தலைமேலே!”

ஆர்மோனியம் நின்றது. “செத்தோம்டா” என்று ரேடியோக்காரன் முனகினான். மெட்டு சரியான வரியைத் துழாவிப் பார்த்தான். அது எப்போதோ தொலைந்துபோயிருந்தது.

“அடுத்தது?” என்றார் வாத்தியார்.

“மன்னிச்சிருங்க ஐயா. நிஜமான வரி மறந்துபோச்சு.”

“நிஜமான வரி எனக்குத் தெரியும். அதையா கேட்டேன்?”

மெட்டுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கதவோரம் நின்ற அவள், “பாடுங்க” என்று உதட்டசைத்தாள். பாடினான். பாட்டுக்குள்ளேயே குழாயை இறுக்கினான், துணியால் அடைத்தான், எதுவும் சரிப்படாமல் கமாண்டரின் தொப்பியைக் கவிழ்த்து எண்ணெயைப் பிடித்தான். ஆர்மோனியம் மெல்லச் சேர்ந்துகொண்டது. கமாண்டர் தொப்பியைத் தேடி வரும் இடத்தில் மெட்டு சட்டென்று நிறுத்தினான். அதற்குமேல் இன்னும் கட்டவில்லை.

வாத்தியார் முகம் கடுகடுத்தது. “இப்படிப் பாதியில விட்டா எப்படி? எண்ணெய் நின்னுச்சா, இல்லியா?”

“இன்னும் நிக்கலங்க ஐயா.”

“அப்ப இருங்க. ரெண்டு பேருமா உக்காந்து முடிச்சிரலாம்.” உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: “ஏம்மா, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டா!”