சிமிழ் மூடியும் மூன்று சக்கரமும்

தேனியில் மெஷின் சாமான் விற்கிற கடைக்காரர் மரச் சாமானுக்கு மெருகேற்றும் இரண்டு பஃப் மெஷின்களை எடுத்து வைத்தார். ஒன்றில், ஒரே தண்டில் மூன்று துணிச் சக்கரங்கள்: கீறல் எடுக்க, மினுக்க, மெழுகு போட. மற்றதில் ஒற்றைச் சக்கரம். வேலைக்கு வேலை கழற்றி மாட்ட வேண்டும்.

"சின்னச் சாமானுக்கு ஒத்தச் சக்கரம்தான் சார். மெதுவாச் சுத்தும், கையில இருந்து பிடுங்காது," என்றார்.

ஆபீஸ் நேரம் போக வீட்டுப் பின்பக்கம் மரம் கடைகிறவன் நான். பயந்தாங்கொள்ளியும்கூட. ஆனால் தங்கை மகளுக்கு நாலு நாளில் கல்யாணம். தாய்மாமன் சீர்த்தட்டில் வைக்கப் பலா மரத்தில் குங்குமச் சிமிழ் கடைந்திருந்தேன். பளபளப்பு ஏற்றுவதுதான் பாக்கி. அவசரத்தில் மூன்று சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்தேன்.

அன்று மத்தியானமே, இரண்டாவது சக்கரத்தில் மூடியின் விளிம்பைக் கொஞ்சம் மேலே பிடித்துவிட்டேன். வெடுக்கென்று பிடுங்கிச் சுவரில் அடித்தது. விரல்களை எண்ணினேன், பத்தும் இருந்தன. அப்புறம்தான் மூடியைத் தேடி எடுத்தேன். குறுக்கே பிளந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் குங்குமச் சிமிழ் உடைவதா? யாருக்கும் தெரியாமல் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மறுநாள் ஓடிப்போய் ஒற்றைச் சக்கரத்தை வாங்கிவந்தேன். மிச்சமிருந்த பலாத் துண்டில் வேறு மூடி கடைந்து, மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாக மாட்டி, அதன் கீழ்ப்பக்கமாகவே பிடித்து மெருகேற்றினேன்.

சுருளிப்பட்டியில் தங்கை வீட்டில் சீர்த்தட்டை இறக்கியதும் அவள் சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, மூடி மட்டும் வெளுப்பா இருக்கு?"

"ஒரே மரம்தான் ஆத்தா. குங்குமம் பட்டாச் சரியாயிரும்," என்றேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை ஜீப் ஓட்டுகிறார். ஏலக்காய்த் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறார். அந்த வளைவுகளை நினைத்தாலே பிளந்த மூடிதான் கண்ணில் நிற்கிறது. சகுனமாவது ஒன்றாவது என்று ஆபீஸில் எல்லோரையும் கேலி செய்கிறவன் நான். ஆனாலும் சாயங்காலம் ஆனால் கை தானாகப் போனை எடுத்துவிடுகிறது.

"அவுக மலையெறங்கிட்டாக மாமா," என்பாள் தங்கை மகள். அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்.

போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "எங்கம்மாகூட எப்பவாச்சும் கேக்க மறந்துரும். நீங்க ஒரு நாளும் மறக்கலையே மாமா. எங்க மேல அம்புட்டுப் பாசமா?"

"ஆமா ஆத்தா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிளந்த மூடி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போடவும் பயமாக இருக்கிறது.