தண்ணீர் வீட்டில் இல்லாத நேரத்தில் அளந்தவர்

காதர் பாய் போன செய்தி வந்தபோது நான் மாகறலில் நெல் அறுக்கும் இயந்திரக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்ததும் வருகிறேன் என்றவன் உச்சிவெயிலில் வந்து நின்றான். அந்த எரிச்சலோடுதான் போனை எடுத்தேன். பாயின் மகள் ஷமீம் பேசினாள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு. அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறாங்கோ. வந்துருங்க."

முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. நிம்மதி. இனி ஐப்பசி மாதத்தில் யாரும் என் வாசலில் வந்து நின்று கையெழுத்து கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதி. எழுதவே கூசுகிறது. ஆனால் இந்த அஞ்சலியில் அதை மறைத்துவிட்டு மற்றதை எல்லாம் எழுதினால் நான் அயோக்கியன். முப்பது வருஷம் அவரோடு ஒரே சங்கிலியின் இரண்டு முனையைப் பிடித்து நிலம் அளந்தவன் நான். அவர் சர்வேயர், நான் உதவியாளன். அன்று மாலை அடக்கத்தில் மண் போடும்போது என் முறை வந்தது. மூன்று பிடி போட்டேன்.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் அவர்கள் குடும்பத்து இரும்புக்கடை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தம்பிகள் கடையில் உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் வெயிலில் அலைகிற வேலையைத் தேடிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு 'ஆர்பர் பாய்' என்று பெயர் வந்தது. கடற்கரையில் துறைமுகத்தோடு இருக்கிற ஒரு தொழில் நகரத்தை எங்கள் பக்கத்தில் ஆர்பர் என்றுதான் சொல்வோம். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், பாய் அந்த ஊரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். பாதிப் பேர் டம்ளரை வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். "ஆரம்பிச்சிட்டாருடா, இன்னிக்கு பஸ்ஸு போச்சு" என்று இளவட்டங்கள் கிண்டல் செய்ததை நானே கேட்டிருக்கிறேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

அவர் சொன்ன வரலாறு இதுதான். முதலில் அங்கே மீனும் உப்பும் மட்டும் இருந்தன. இரண்டு ஆறுகள் வந்து ஓர் உப்பங்கழியில் விழும். கழிக்கும் கடலுக்கும் நடுவே முருங்கைக்காய் மாதிரி நீளமாக ஒரு மணல்திட்டு. அதில் குப்பங்கள். உப்பு ஏற்ற ரயில் வந்தது. ரயில் இருக்கிறதே என்று மின்நிலையம் வந்தது. மின்சாரம் இருக்கிறதே என்று உரம், எண்ணெய் எல்லாம் வந்தன. அவற்றுக்கு நிலக்கரி வேண்டும் என்று துறைமுகம் வந்தது. கரியை எரித்த சாம்பலைக் கொட்ட இடம் வேண்டுமே, அதற்குக் கழி இருந்தது. "ஒண்ணு வந்து இன்னொண்ண கூப்புட்டுச்சி நைனா. கடைசியா வந்தவங்க மொதல்ல இருந்தவங்கள எழுந்திருன்னாங்கோ," என்பார். எங்கள் பக்கத்தில் ஒரு போகம் பொய்த்தால் பையன்கள் பெட்டியோடு அந்த ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். மாகறல், தாமல், தென்னேரி என்று எந்தத் தெருவில் கேட்டாலும் அங்கே ஹெல்மெட் போட்டு நிற்கிற ஒரு பிள்ளை இருப்பான். என் மகன் குமரனும் அப்படிப் போனவன்தான்.

இனி தப்பைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து அந்தக் கழியை அளக்க எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். நாங்கள் ஏரி நாட்டு ஆட்கள். ஏரியைச் சித்திரையில்தான் அளப்போம். நீர் வற்றியிருக்கும், சங்கிலி போடக் கால் நனையாது. வற்றினால் என்ன, கரையும் உபரி நீர் வழியும் கலங்கலும் இருக்கிறதே, ஏரி எங்கே முடிகிறது என்று அவையே சொல்லிவிடும். அதே பழக்கத்தில் கழிக்கும் சித்திரையில் போனோம். கரை எங்கே என்று தேடினோம். பழைய உப்பளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஒரு மண்வரப்பு நீளமாக ஓடியது. பாய் கண்ணில் அது ஏரிக்கரையாகவே பட்டது. எனக்கும்தான். வரப்புக்கு உள்ளே நீர், வெளியே தரிசு என்று கோடு போட்டோம். கழிக்குக் கரை கிடையாது என்பதும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறி வந்து எங்கெல்லாம் படுக்குமோ அதெல்லாம் கழிதான் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற தனபாக்கியம் என்ற அம்மா, எங்கள் சங்கிலியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தண்ணி வூட்ல இல்லாத நேரமா பாத்து வந்து அதோட வூட்ட அளக்குறியே நைனா. அது திரும்பி வந்தா எங்க போவும்?" நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. வரைபடத்தின் அடியில் அவர் கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே நான் போட்டேன். மாலையில் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரம் எங்களுக்கு.

நாங்கள் 'தரிசு' என்று எழுதிய இடத்தில் சில வருஷத்தில் ஒரு மதில் எழுந்தது. ஓர் ஐப்பசியில் ஆற்று வெள்ளமும் கடலும் ஒரே நாளில் வந்தன. மதில் தடுத்தது. தண்ணீர் திரும்பிக் குப்பத்துக்குள் போனது. பாய் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். "தனபாக்கியத்த பாத்தேன். வூடு இல்ல, வலை இல்ல. ஊருக்கு வெளிய அடுக்குமாடியில போட்டுட்டாங்கோ. என்ன அடையாளம் கண்டுக்கினா. திட்டுவான்னு நெனச்சேன். நாஷ்டா துன்னியா நைனான்னு கேட்டா. பேஜாரா பூட்ச்சிப்பா." அன்று அவர் அழுதார். ஐம்பது வயது தாண்டிய மனிதர் தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வேலை. ஒவ்வோர் ஐப்பசி அமாவாசைக்கும் ஒரு பை சுண்ணாம்புத் தூளோடு பஸ் ஏறுவார். தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அதன் விளிம்பிலேயே நடந்து வெள்ளைக்கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். திரும்புகிற வழியில் மாகறலில் இறங்கி என்னிடம் மனுவை நீட்டுவார். 'நாங்கள் அளந்தது தவறு, சரியான எல்லை இது' என்று எழுதியிருக்கும். அளந்தவர்கள் இருவரும் ஒப்பினால்தான் மறு அளவைக்கு எடுப்போம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். "ரெண்டு பேரு சேந்து அளந்தோம். ரெண்டு பேரு சேந்து தப்புன்னு சொன்னாத்தான் அது தப்பு," என்பார்.

நான் போடவில்லை. குமரனுக்கு அந்த மதிலுக்குள்ளேதான் வேலை. அப்பன் கையெழுத்துப் போட்டால் பிள்ளையை வெளியே தள்ளிவிடுவார்களே என்று சொன்னேன். பாய் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, பையன் பொழப்பு கீது. அடுத்த ஐப்பசிக்கு வரேன்," என்று எழுந்து போவார். எத்தனை ஐப்பசி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

போன வருஷ ஐப்பசியிலும் வந்தார். மூச்சு வாங்கியது. சுண்ணாம்புப் பையை ஷமீம் தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் வழக்கம்போல, "குமரன் வேலை இருக்கே பாய்," என்றேன். அது பொய். நாலு மாதம் முன்பே ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவன் உள்ளறையில் படுத்திருந்தான். அதைச் சொன்னால் எனக்குச் சாக்கு போய்விடுமே! பாய் குனிந்து செருப்பு மாட்டும்போது வாசலில் கிடந்த, குமரன் வேலைக்குப் போடும் இரும்புமூக்கு ஷூவைப் பார்த்தார். ஒட்டடை பிடித்துக் கிடந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பிய கேட்டேன்னு சொல்லு நைனா," என்றார். 'பொய்க்காரா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போனபோது ஷமீம் அந்த மனுவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாயின் கையெழுத்துக்குக் கீழே ஒரு விரல்கடை இடம் காலியாக இருந்தது. "ஒங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு மாமா. கட்டாயம் இல்லன்னு சொல்லச் சொன்னாரு." அங்கேயே, பிரியாணி வாசனைக்கு நடுவே, பேனா வாங்கிப் போட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல பையன், நின்ற என்னை உட்காரச் சொன்னான். முதல் மனுதாரர் இறந்துவிட்டார் என்றேன். பரவாயில்லை சார் என்று எங்கள் பழைய வரைபடத்தையே கண்டுபிடித்து மேசையில் விரித்தான். பக்கத்தில் கணினியில் இன்றைய படத்தையும் திறந்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுல இன்னா சார் தப்பு? மேப்புல போட்ட மாதிரியேதான் கீது. வேணும்னா நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

போனேன். ஐப்பசி அமாவாசை அன்றுதான் போனேன், பாயின் சுண்ணாம்புப் பையோடு. அவர் வெள்ளைக்கோடு போட்ட இடமெல்லாம் சாம்பல் கொட்டி, மண் அடித்து, லாரி நிறுத்தும் திடலாகிவிட்டது. ஒரு சேறு இல்லை, ஒரு இறால் இல்லை. அமாவாசைக் கடல் ஏறி வந்து, நாங்கள் கரை என்று எழுதின அதே உப்பள வரப்பில், அங்குலம் பிசகாமல் நின்றது. காவலாளி விசில் அடித்து என்னை வெளியே போகச் சொன்னான்.

அன்றைக்கு நாங்கள் போட்ட தப்புக்கோட்டை இத்தனை வருஷத்தில் ஊர் உண்மையாக்கிவிட்டது. திருத்த இனி ஒன்றும் இல்லை. தண்ணீருக்குத் திரும்பி வர வீடு இல்லை, தனபாக்கியத்துக்கும் இல்லை. பாய் கேட்ட முதல் வருஷமே நான் போட்டிருந்தால் ஒருவேளை இருந்திருக்கும். ஒருவேளைதான்.

பாயை அறிந்தவர்களே, அவருடையவை என்று என்னிடம் இரண்டு பொருள் இருக்கின்றன. ஒன்று, பிரிக்காத சுண்ணாம்புப் பை. மற்றது, யாரும் வாங்கிக்கொள்ளாத அந்த மனு. அதில் இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. மேலே உள்ளது தன் தப்பைத் தப்பு என்று சொன்ன மனிதருடையது. கீழே இருப்பது என்னுடையது.