பேக்கரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

ஜெர்மனியின் ஹம் நகரில் நான் வேலைசெய்யும் பேக்கரிக்கு, கலியாணமொன்றுக்காகப் பாரிசிலிருந்து வந்திருந்த தமிழர் ஒருவர் அந்தக் கிழமை முழுக்க வந்தார். இளநரைத் தாடி, தோல் ஜாக்கெட். பாணைக்கூடப் பிரெஞ்சிலேதான் கேட்பார். இத்தனை வருடமாக நான் கதைக்கிற ஜெர்மனுக்கு முகம் சுளிக்கிற முதலாளியம்மா, அவர் வாய் திறந்ததும் குழைந்துபோவாள். எனக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கென்ன அண்ணை, கதைச்சாலே மரியாதை," என்றேன்.

அவர் சிரித்தார். "பாரிசிலை என்ர பிரெஞ்சு இழுப்பைக் கேட்டதுமே, புறநகர் ஏழையளின்ர மாடிக் கட்டடத்திலை வளந்தவன் எண்டு பிடிச்சிடுவாங்கள், தங்கச்சி. போனிலையே வேலை இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்கள். இஞ்சைதான் நான் பிரெஞ்சுக்காரன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. அவருக்கு வந்துபோக ஒரு ஜெர்மனி இருக்கிறது. என்னுடைய ஜெர்மனைக் கொண்டு நான் எந்த நாட்டுக்குப் போவது?