இடது கால் வாங்கிக் கொடுத்த சஸ்பென்ஷன்

சிக்னலில் நடந்தது

திண்டுக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அதில் மூன்று மாதம் எனக்கே லைசென்ஸ் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மூன்று மாதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் ஸ்கூல் ஓனர் அந்தோணி அண்ணன் ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. தன் சொந்தக் காரை ஒர்க் ஷாப்பில் விட்டுவிடும்படி என்னிடம் சாவியைக் கொடுத்தார். நாகல் நகரில் காரை எடுத்தேன். நன்றாகத்தான் போனது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. வெள்ளைக்கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நடுவரை தானாக உருண்டு போய் மெதுவாக நின்றது.

இருபது ஆண்டுப் பழக்கம். உடனே வலது பக்கம் திரும்பி, "பிரேக்கை மிதிங்கன்னா மிதிக்கணும். வேடிக்கை பாக்கவா வந்தீங்க?" என்று சத்தம் போட்டேன்.

வலது பக்கம் மாணவர் யாரும் இல்லை. ஜன்னல்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டடி தூரத்தில் போக்குவரத்து எஸ்.ஐ. நின்றுகொண்டிருந்தார். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ஏம்மா, என்னையவா சொல்றீங்க?"

"இல்ல சார். ஓட்டுறவங்கள."

"ஓட்டுறது யாரு?"

"நாந்தான் சார்."

"அப்ப யாரைத் திட்டுனீங்க?"

என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். டிரைவிங் ஸ்கூல் என்றேன்.

"ஆபீஸ் வேலையா?"

"இல்ல சார். ஓட்டச் சொல்லிக்குடுக்கிறேன்."

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்து எழுதினார். சிவப்பைத் தாண்டினால் அபராதத்தோடு முடியாது. லைசென்ஸை நிறுத்திவைக்கவும் பரிந்துரை போகும். போனது.

ஏன் நின்றிருக்க வேண்டிய கார் நிற்கவில்லை

எங்கள் ஸ்கூல் காரில் இடது சீட்டுக்கு முன்னால் ஒரே ஒரு பெடல்தான் உண்டு. அது பிரேக். கற்றுக்கொடுப்பவர் ஓட்டுபவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்வதால் வலது கால் மடங்கிக்கொள்ளும். இடது கால்தான் அந்தப் பெடலின் மேல் இருக்கும். அந்தக் காலால் நான் எத்தனையோ மாடுகளையும் டீக்கடைகளையும் காப்பாற்றியிருக்கிறேன்.

ஆனால் ஓட்டும் சீட்டில் இடது காலுக்குக் கீழே இருப்பது கிளட்ச். அதை மட்டும் மிதித்தால் கார் உருளும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஸ்கூல் காரைக் காலையில் கொண்டுவருவதும் மாலையில் கொண்டுபோவதும் அந்தோணி அண்ணன். நான் வந்துபோவது டவுன் பஸ். வலது சீட்டில் உட்கார்ந்து நான் கடைசியாக ஓட்டி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அதுவரை நானும் கவனிக்கவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். இதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஒரு பெண்மணி. இரண்டு முறை படித்தார்.

"இந்த மேஜைக்கு இதுவரைக்கும் வந்த லெட்டர்ல எல்லாருமே மஞ்சள்லதான் தாண்டியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் உண்மைய எழுதியிருக்கீங்க."

"அதனால, மேடம்..."

"அதனால கொறைக்க முடியாதும்மா. உண்மைய எழுதினதாலதான் பயமா இருக்கு. மூணு மாசம். அப்புறம் லைசென்ஸ் போனவங்களுக்கு நடக்குற வகுப்புக்குப் போயிட்டு வாங்க. டெஸ்ட் எடுக்குற பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. கால் சரியாயிருச்சுன்னு அவர் எழுதிக் குடுத்தா லைசென்ஸ் திரும்ப வரும்."

லைசென்ஸ் இல்லாதவர் இடது சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கவும் கூடாது. அந்தோணி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னத்தா இது. மூணு மாசம் நானே சொல்லிக்குடுத்துச் சமாளிச்சிர்றேன். அதுக்கு மேல ஆகாது. கால் சரியாகலைன்னா வேற ஆளத்தான் போடணும்."

அவர் சமாளிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் இடது சீட்டில் உட்கார்ந்ததும் ஜெபமாலையை எடுத்துவிடுவார். யாரையும் திட்ட மாட்டார். கண்ணை மூடி உருட்டிக்கொண்டே வருவார். அதைப் பார்க்கப் பார்க்க ஓட்டுகிறவருக்குக் கிளட்சும் பிரேக்கும் மறந்துபோகும். என்னிடம் படித்த சின்னாளபட்டிப் பெண்கள் ஆறு பேர் ஒரே நாளில் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் வாய்த்துடுக்கான ஜோதி எனக்கு போன் செய்தாள்.

"டீச்சர், நீங்க வாரப்ப வாரோம். அவரு அருள்நிறைந்த மரியே சொல்றாரு, எனக்கு லாரி வருதான்னு சந்தேகமா இருக்கு."

தேங்காய்மூடிப் பயிற்சி

லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டிப் பழக முடியாது. கார் ஓட்டிப் பழகாமல் லைசென்ஸ் திரும்பாது. என் கணவர் லாரன்ஸ் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கூடத்தில் ஒரு நாற்காலி போட்டார். அதன் முன்னால் தரையில் மூன்று பொருள் வைத்தார். கிளட்சுக்கு அவருடைய பழைய செருப்பு. பிரேக்குக்குக் கவிழ்த்த தேங்காய்மூடி. ஆக்சிலரேட்டருக்கு இஞ்சி தட்டும் கல்.

அவர் "செவப்பு" என்றால் நான் வலது காலால் தேங்காய்மூடியை மிதிக்க வேண்டும். சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் பயனில்லை என்பதால், எதிர்பாராத நேரத்தில் சொல்வார்.

"ஸ்டெல்லா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

"அவரைக்காய்."

"அவரைக்காயா. நேத்தும் அதான. செவப்பு."

முதல் வாரம் இருபது தடவையில் பதின்மூன்று தடவை இடது கால் முந்தியது. இரண்டாம் மாத முடிவில் நான்கு தடவை. அதற்குக் கீழே இறங்கவில்லை. மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் "நில்லுங்கள்" என்று ஓங்கிச் சொன்னபோது, என் இடது கால் முன்பெஞ்சின் முட்டிப்பலகையை மிதித்தது. அது ஆடியதில் முன்வரிசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபதில் நான்கு என்பது சிறிய எண் அல்ல. ஐந்து சிக்னலுக்கு ஒன்றில் நான் நிற்க மாட்டேன் என்று பொருள்.

தொப்பம்பட்டிக்காரர் சொன்ன வழி

ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுப்பிய வகுப்பில் பதினொரு பேர் இருந்தோம். என் பக்கத்தில் தொப்பம்பட்டியிலிருந்து வந்த லாரி டிரைவர் பழனிச்சாமி. தேங்காய் லோடு அதிகம் ஏற்றியதற்காக வந்திருந்தார். என் தொழிலைக் கேட்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நீங்களே இங்க வந்துட்டா நாங்கெல்லாம் எங்கீங்க போறது?"

காலின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"டிராக்டர் ஒருத்தன் வூட்டுதுங்க, லாரி இன்னொருத்தன் வூட்டுதுங்க. மாறி மாறி ஓட்டையில எனக்கும் கால் கொழம்புமுங்க. இடது கால் செருப்பக் கழட்டிருங்க. கிளட்சு வெறுங்காலுக்கு, பிரேக்கு செருப்புக்காலுக்கு. ரெண்டு காலுக்கும் வேலையப் பிரிச்சுக் குடுத்துட்டா அதுக சண்டை போடாதுங்க."

அன்று மாலை ஒற்றைச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபதில் ஒன்று. மறுநாள் இருபதில் ஒன்றுமில்லை. லாரன்ஸ் நோட்டில் சுழி போட்டு அடிக்கோடிட்டார்.

மூன்று ரவுண்டு

டெஸ்ட் கிரவுண்டுக்கு ஸ்கூல் காரை அந்தோணி அண்ணன் கொண்டுவந்தார். சின்னாளபட்டிப் பெண்கள் ஆறு பேரும் பஸ் பிடித்து வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் இடது செருப்பைக் காருக்கு வெளியே விட்டுவிட்டு வலது சீட்டில் ஏறினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் அட்டையும் பேனாவுமாக என் சீட்டில், அதாவது இடது சீட்டில், உட்கார்ந்தார்.

"இன்னொரு செருப்பு எங்கம்மா?"

"வெளிய இருக்கு சார்."

அவர் அட்டையில் ஏதோ குறித்தார். கார் நகர்ந்தது. பாதி வட்டத்தில், "நிறுத்துங்க" என்றார். கார் சட்டென்று நின்றது. நான் மூச்சு விட்டேன். அவர் குனிந்து கீழே பார்த்தார். அவருடைய இடது ஷூ பெடலின் மேல் இருந்தது.

"நான் மிதிச்சிட்டனா?"

"நானும் மிதிச்சேன் சார்."

"யாரு முன்னால?"

"தெரியல சார்."

"தெரியாம எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? இன்னொரு ரவுண்டு போங்க."

இரண்டாம் ரவுண்டிலும் இருவரும் சேர்ந்து மிதித்தோம். அவர் அட்டையை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பதினெட்டு வருசமா இந்தப் பக்கந்தான் உக்கார்றேன். வீட்டுல சம்சாரம் ஓட்டும்போதும் இதே கததான். அங்க பெடலே கெடையாது. கால் பட்டுப் பட்டு கால்மிதியே ஓட்டையாயிருச்சு."

"எனக்கும் பஸ்ல அப்படித்தான் சார்."

"கண்டக்டர் கேப்பாரே?"

"கேட்டாரு சார். கால் மரத்துப்போச்சான்னு."

அவர் ஷூக்களைக் கழற்றிக் கதவைத் திறந்து வெளியே வைத்தார். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிப் பந்தியில் உட்கார்ந்தவர் போலச் சம்மணம் போட்டார். அதன் மேல் பெல்ட்டை மாட்டினார்.

"இப்பப் போங்க. இந்தத் தடவ நிக்கலைன்னா அது ஒங்க பொறுப்பு."

மூன்றாம் ரவுண்டு. என் வேலை, ஆறு பெண்களின் லைசென்ஸ், அந்தோணி அண்ணனின் ஜெபமாலைக்கு ஓய்வு, எல்லாம் என் வலது செருப்பில் இருந்தது. அவர் லாரன்ஸைவிடக் கெட்டிக்காரர்.

"சொந்த ஊரே திண்டுக்கல்லா?"

"ஆமா சார்."

"எந்தத் தெரு? நிறுத்துங்க."

கார் நின்றது. அவர் கண்ணாடி கழன்று டேஷ்போர்டில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, முதலில் தன் மடித்த கால்களைப் பார்த்தார். அவை அசையவில்லை. பிறகு என் காலைப் பார்த்தார்.

"எதுல மிதிச்சீங்க?"

"செருப்புக்கால்ல சார்."

கையெழுத்துப் போட்டார்.

தெரிந்துகொண்டது

கற்றுக்கொடுப்பது வேறு, ஓட்டுவது வேறு. ஒன்றை நாள் முழுக்கச் செய்தால் மற்றது நம்மை விட்டுப் போய்விடும். போனது சிவப்பு விழும்வரை தெரியாது. வேலைக்குத் திரும்பிய நாள் முதல் தினமும் காலையில் முதல் மாணவரை இடது சீட்டில் உட்காரவைத்து, நான் ஒரு ரவுண்டு ஓட்டினேன். ஓய்வுபெறும்வரை ஒரு நாளும் விடவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

செருப்பைப் பற்றி நான் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் டெஸ்டுக்கு வந்த சின்னாளபட்டிப் பெண்கள் ஆறு பேரும் இடது செருப்பை வேப்பமரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டுப் போய் நின்றார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த வரிசையைப் பார்த்தார். தன் ஷூ இரண்டையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். இடது சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டார்.

முதலில் ஜோதி. கார் புறப்பட்டது. இடது பெடலில் இப்போது யாருடைய காலும் இல்லை. வளைவு நெருங்கியது. "நிறுத்துங்க" என்ற சத்தம் நான் நின்ற மரத்தடிவரை கேட்டது. கார் நின்றது.

குனிந்து பார்த்தேன். என் இடது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.